விருந்தாளியாகவே ஓர் ஆசிரியர்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

ஆங்கிலம் பேசத் தெரிந்தவன் உலகின் எந்த மூலைக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வான் என்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட நம்பிக்கை. அதற்குச் சான்று கேட்டால் நம் விடுதி நண்பர்கள் உடனே ஜப்பானைக் காட்டுவார்கள். "அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசிக் காட்டுவதற்கென்றே வெளிநாட்டாரை அழைத்து வைத்திருக்கிறார்கள். பட்டம் எந்தப் பாடத்தில் இருந்தாலும் போதும். மாதம் பிறந்தால் நம் பணத்தில் இலட்சத்துக்கு மேல். வேலை என்ன? வாயைத் திறந்து பேசுவதுதான்!" என்பார் ஒருவர். உடனே எதிர்க்கட்சி எழும். "ஆங்கிலம் பேசாமலே ஜப்பான் முன்னேறிவிட்டதே! பிறகு அவர்களுக்குத்தான் அது எதற்கு, நமக்குத்தான் எதற்கு?" என்பார் மற்றொருவர். இரவு பத்து மணி வரை வழக்கு நடக்கும். தீர்ப்பு மட்டும் வருவதில்லை.

இரு கட்சியினரும் ஓர் ஆளை மறந்துவிட்டு வாதாடுகிறார்கள் என்பது என் எண்ணம். அந்த வெளிநாட்டு ஆசிரியரைத்தான் சொல்கிறேன். அவர் காலையில் பள்ளிக்குள் நுழைந்து மாலையில் வெளியேறும் வரை என்ன செய்கிறார்? எதைச் செய்ய அவரை விடுகிறார்கள், எதைச் செய்ய விடுவதில்லை? அங்கே பணிபுரிந்தவர்கள் எழுதியவற்றைக் கடந்த ஓராண்டாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். படித்ததிலிருந்து எனக்குத் தோன்றுவது இதுதான்: ஜப்பான் அவரை ஆசிரியர் என்று அழைத்து, விருந்தாளியாக வைத்துக்கொள்கிறது. இதனால் அவருக்கும் இழப்பு, பிள்ளைகளுக்கும் இழப்பு.

வேதியியல் படிப்பவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். ஆங்கிலத்தில் கேள்வி வந்தால், விடை தெரிந்தும் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளையின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜப்பானியப் பிள்ளை அந்த வகையில் எனக்கு அந்நியன் அல்லன்.

பழைய வழக்கம்

ஜப்பான் வெளிநாட்டு ஆசிரியரைத் தேடியது நேற்று இன்று அன்று. 1868இல் மெய்ஜி ஆட்சி தொடங்கியபின் இரயில்பாதை, கப்பல் கட்டுதல், மருத்துவம், சட்டம் என்று துறைதோறும் மேனாட்டு வல்லுநரை உயர்ந்த ஊதியத்தில் வரவழைத்தார்கள். தம் மக்கள் தொழிலைக் கற்றுக்கொண்டதும் வந்தவர்களை மரியாதையோடு வழியனுப்பினார்கள். வீடு கட்டி முடித்தபின் சாரத்தைப் பிரிப்பது போன்ற ஏற்பாடு அது. தன்மானமுள்ள நாடு அப்படித்தான் செய்யும்; அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் மொழி ஆசிரியர் சாரமா என்பதுதான் கேள்வி. லாஃப்காடியோ ஹெர்ன் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1850இல் கிரேக்கத் தீவு ஒன்றில் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் செய்தியாளராக இருந்து, 1890இல் ஜப்பானுக்கு வந்து, மட்சுயே என்னும் சிறு நகரில் ஆங்கில ஆசிரியரானவர். அந்தப் பள்ளி வாழ்க்கையைப் பற்றி 1894இல் வெளியான தம் நூலில் ஒரு நீண்ட பகுதியே எழுதியிருக்கிறார். அதில் இலக்கணம் குறைவு. மாணவர்கள் எழுதிய கட்டுரைகள், அவர்கள் தம் வீடு தேடி வந்து பேசியவை, நோயில் மாண்ட மாணவர்களின் நினைவு ஆகியவையே மிகுதி. ஜப்பானியப் பெண்ணை மணந்தார். 1896இல் அந்நாட்டுக் குடிமகனாகிக் கொய்சுமி யாகுமோ என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். அதன் பிறகும் 1903இல் தோக்கியோவின் பேரரசுப் பல்கலைக்கழகம் அவரை விலக்கிவிட்டது. அவர் விட்டுச்சென்ற பணிக்கு வந்தவர்களுள் ஒருவர், பின்னாளில் பெரும் நாவலாசிரியரான நட்சுமே சோசெகி. சோசெகி போன்ற ஒருவர் கிடைத்தது அந்த மாணவர்களின் நற்பேறுதான். ஆயினும் பெயரையும் குடியுரிமையையும் மாற்றிக்கொண்ட மனிதரே வேலையில் நிலைக்க முடியவில்லை என்றால், மற்றவர் கதை எப்படியிருக்கும்?

இன்றுள்ள ஏற்பாடு 1987இல் தொடங்கியது. ஜெட் திட்டம் என்று அதற்குப் பெயர். முதலாண்டில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் வந்தார்கள். அந்நாளில் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் வாணிபத் தகராறு முற்றியிருந்தது. ஊருக்கெல்லாம் காரும் வானொலியும் விற்கும் ஜப்பான் தன் கதவை மட்டும் பிறருக்குத் திறப்பதில்லை என்ற பழியும் இருந்தது. அந்தப் பழியைத் துடைக்கும் நல்லெண்ண முயற்சியாகவும் இத்திட்டம் பிறந்தது. திட்டத்தின் ஆங்கிலப் பெயரில் 'பரிமாற்றம்' என்னும் சொல் முன்னால் நிற்கிறது. 'கற்பித்தல்' பின்னால் வருகிறது. கல்வி அமைச்சகம் மட்டும் இதை நடத்தவில்லை. வெளியுறவு அமைச்சகமும் உள்நாட்டு நிருவாக அமைச்சகமும் சேர்ந்தே நடத்துகின்றன. தூதுவராக அழைக்கப்பட்டவரின் கையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

இன்று ஜமைக்கா, தென்னாப்பிரிக்கா, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ் உள்ளிட்ட பல நாடுகளிலிருந்தும் வருகிறார்கள். இத்திட்டத்தின்கீழ் இருப்போர் ஐயாயிரத்துக்கும் மேல். பத்தில் ஒன்பது பேருக்கு 'உதவி மொழி ஆசிரியர்' என்று பதவிப் பெயர். சுருக்கமாக ஏ.எல்.டி. இவர்களைத் தவிர நகராட்சிகள் நேராக அமர்த்திக்கொள்வோரும், ஆள் அனுப்பும் நிறுவனங்கள் வழியாக வருவோரும் ஏராளம்.

ஆசிரியர் அறையில் ஒரு நாற்காலி

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஜெட் ஆசிரியர்களுள் பெரும்பாலோர் வந்து இறங்குவதோ ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும். அப்போது கோடை விடுமுறை. வந்தவர் முதல் சில வாரங்கள் பிள்ளைகள் இல்லாத பள்ளியில், தம் மேசை முன் அமர்ந்து, யாருக்கும் தேவைப்படாத அறிமுகப் பாடத்தைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார். கலியாணம் முடிந்த வீட்டுக்கு மொய்யோடு வந்தவர் நிலை!

செப்டம்பரில் பள்ளி திறக்கும். காலை எட்டு மணியளவில் வாசலில் காலணியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, பள்ளிக்குள் மட்டும் அணியும் வேறு காலணிக்கு மாற வேண்டும். பிள்ளைகளுக்கும் இதே விதி. இதில் நமக்கு வியப்பில்லை. செருப்பை வெளியே விடும் வழக்கம் உள்ளவர்கள்தாமே நாம். அமெரிக்கரும் ஆஸ்திரேலியரும் இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆசிரியர்களுக்குத் தனித்தனி அறை கிடையாது. எல்லாரும் ஒரே பெருங்கூடத்தில் வகுப்புவாரியாகச் சேர்த்துப் போட்ட மேசைகளில் எதிரெதிரே அமர்வார்கள். கூடத்தின் தலைமாட்டில் துணைத் தலைமையாசிரியர். காலையில் சில நிமிடம் கூட்டம் நடக்கும். எழுந்து நின்று வணங்கிவிட்டு, அன்றைய அறிவிப்புகளை விரைவாகப் படித்துவிட்டு அவரவர் வேலையில் இறங்கிவிடுவார்கள். மூன்றாம் பாடவேளை மாறியிருக்கிறது, விளையாட்டு விழாப் பயிற்சிக்காக வகுப்பு திடலுக்குப் போகிறது என்பதெல்லாம் அந்தச் சில நிமிடத்தில்தான் சொல்லப்படும். ஜப்பானிய மொழி தெரியாத உதவி ஆசிரியர் எல்லாரோடும் எழுந்து, எல்லாரோடும் வணங்கி, எல்லாரோடும் அமர்கிறார். பிறகு படங்களையும் அட்டைகளையும் அள்ளிக்கொண்டு மூன்றாம் பாடவேளைக்குப் போனால் வகுப்பில் நாற்காலிகள்தாம் இருக்கும். யாரும் அவரை வேண்டுமென்று வஞ்சிக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. விருந்தாளியிடம் வீட்டுக் கணக்கை யார் சொல்வார்கள்?

பெயரிலும் இந்த வேற்றுமை உண்டு. ஜப்பானிய ஆசிரியரைக் குடும்பப் பெயரோடு 'சென்செய்' சேர்த்து அழைப்பார்கள். சென்செய் என்றால் ஆசிரியர். வெளிநாட்டாரை மட்டும் பெரும்பாலும் அவரது வீட்டுப் பெயரோடு சென்செய் சேர்த்து அழைக்கிறார்கள். அன்புதான்; ஐயமில்லை. ஆனால் குழந்தையையும் நாம் அன்பாகத்தானே பெயர் சொல்லி அழைக்கிறோம்.

வகுப்பறையில் ஒரு குரல்

நடுநிலைப் பள்ளியில் பாடவேளை ஐம்பது நிமிடம். முப்பதுக்குக் குறையாத பிள்ளைகள். உள்ளே நுழைந்ததும் ஆங்கிலத்தில் காலை வணக்கம். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று இவர் கேட்க, வகுப்பே ஒரே குரலில், ஒரே ராகத்தில், "நலம், நன்றி, நீங்கள்?" என்று பாடும். காய்ச்சலில் தலை தொங்கிக்கிடக்கும் பிள்ளையும் நலம் என்றே பாடுவான். பிறகு ஜப்பானிய ஆசிரியர் பாடத்தைத் திறப்பார். இலக்கண விளக்கம் ஜப்பானிய மொழியில் நடக்கும். வெளிநாட்டார் கரும்பலகை ஓரம் நிற்பார். "இந்தப் பத்தியைப் படியுங்கள்" என்றால் படிப்பார். பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். மீண்டும் ஓரம். இவர்கள் தம்மையே 'மனித ஒலிப்பதிவுக் கருவி' என்று கேலி செய்துகொள்கிறார்கள்.

ஜப்பானியருக்கு ஆங்கில ஒலி எளிதன்று. அவர்கள் மொழியில் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில்தான் முடியும். ர, ல இரண்டும் அவர்கள் காதுக்கு ஒன்றே. ஆகவே மில்க் 'மிருகு' ஆகிறது. ஸ்கூல் 'சுக்கூரு' ஆகிறது. பஸ்ஸு, காரு, இஸ்கூலு என்று சொல்லிப் பழகியவர்களும், ல, ள, ழ மூன்றையும் வைத்துக்கொண்டு தடுமாறுபவர்களும் இதைக் கண்டு சிரிக்க உரிமையற்றவர்கள். ஒலியைத் திருத்த அந்நாட்டுக்காரர் குரல் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் ஒலி மட்டும் போதுமென்றால் ஒரு கருவியை வாங்கி வைத்திருக்கலாம். அதற்கு வீட்டு வாடகை வேண்டாம்.

பிள்ளைகள் வாய் திறக்காததற்கு நாக்கு காரணமில்லை என்றே நினைக்கிறேன். கேள்வி கேட்டால் ஜப்பானியச் சிறுவன் முதலில் பக்கத்துப் பிள்ளையைப் பார்ப்பான், மெல்லக் கலந்து பேசுவான், பிறகும் பேசமாட்டான். தவறு எல்லார் முன்னும் வெளிப்பட்டுவிடும் என்ற அச்சம். அந்த அச்சத்துக்குப் பின்னால் தேர்வு நிற்கிறது. பதினைந்து வயதில் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு. அதன்பின் பல்கலைக்கழகத் தேர்வு. நாடு தழுவிய பல்கலைக்கழகப் பொதுத் தேர்வில் படித்தலும் கேட்டலும் உண்டு, பேச்சு இல்லை. தனியார் தேர்வுகளின் வழியாகப் பேச்சையும் சேர்க்கப் போட்ட திட்டத்தை, ஏழை மாணவருக்கும் சிற்றூர் மாணவருக்கும் அது பாதகம் என்ற எதிர்ப்பு எழுந்ததால், 2019 நவம்பரில் ஒத்திவைத்து 2021இல் கைவிட்டார்கள். அந்த எதிர்ப்பு சரியானதே. தேர்வுக் கட்டணமும் தொலைவும் எத்தனை பேரைத் தடுக்கும் என்பது நம்மைப் போன்றோருக்குத் தெரியும். தோக்கியோ மாநகர அரசு மட்டும் 2022 முதல் தன் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கைக்குப் பேச்சுத் தேர்வு ஒன்றை நடத்துகிறது. மற்றபடி பேசுவதற்கென்று ஓர் ஆளை வகுப்பில் நிறுத்திவிட்டுப் பேசாமலே தேறும் வழியையும் திறந்து வைத்திருக்கிறார்கள்.

சட்டம் இன்னொரு முடிச்சு. ஜப்பானில் ஆசிரியர் உரிமம் இல்லாதவர் தனியே வகுப்பு நடத்த முடியாது. உதவி மொழி ஆசிரியர்களுள் பெரும்பாலோருக்கு அந்த உரிமம் இல்லை. பட்டம் மட்டுமே உண்டு. தேர்ந்த அயலாருக்கும் வழங்கத்தக்க சிறப்பு உரிமம் ஒன்றை 1988இலேயே சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் உதவி மொழி ஆசிரியர் அந்தப் படியில் ஏறுவது அரிது. இதற்கிடையில் 2020இல் தொடக்கப் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் ஆண்டுக்கு 70 பாடவேளை கொண்ட முழுப் பாடமாயிற்று. மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கும் ஆண்டுக்கு 35 பாடவேளை வந்தது. அங்கே எல்லாப் பாடமும் வகுப்பாசிரியரே நடத்துவது வழக்கம். ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி பெறாத அவர், பல இடங்களில் முழு வகுப்பையும் வெளிநாட்டாரிடம் விட்டுவிட்டுப் பின்னால் நிற்கிறார். ஒரே மனிதர் திங்கட்கிழமை நடுநிலைப் பள்ளியில் ஒலிப்பதிவுக் கருவி. செவ்வாய்க்கிழமை தொடக்கப் பள்ளியில் முழு ஆசிரியர். சட்டப்படி இரண்டு நாளும் உதவியாளர்!

ஆள் அனுப்பும் நிறுவனங்கள் வழியாக வருவோர் நிலை இன்னும் விசித்திரமானது. சில ஊர்களில் ஆங்கிலப் பணியையே நிறுவனத்திடம் ஒப்பந்தத்துக்கு விட்டுவிடுகிறார்கள். அந்த வகை ஒப்பந்தத்தில் பள்ளி ஆசிரியர் உதவி ஆசிரியருக்கு நேராகக் கட்டளை இடக்கூடாது. இட்டால் தொழிலாளர் சட்டத்தை மீறியதாகிவிடும். சொல்ல வேண்டியதை நிறுவனத்துக்குச் சொல்லி, நிறுவனம் அவருக்குச் சொல்ல வேண்டும். தொழிலாளியைக் காக்க எழுதிய விதி அது, நல்ல விதி. ஆனால் ஒரே வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இருவர், "இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் கேளுங்கள்" என்று சொல்லிக்கொள்வதற்குக்கூட யோசிக்க வேண்டிய நிலையை அது உண்டாக்கிவிட்டது.

இதற்கெல்லாம் ஜப்பானிய ஆசிரியரைப் பழிப்பது நேர்மையாகாது. 2018ஆம் ஆண்டு பல நாட்டு ஆசிரியர்களிடம் நடந்த ஆய்வில், நடுநிலைப் பள்ளி ஆசிரியரின் வேலை நேரம் சராசரியாக வாரத்துக்கு 38 மணி; ஜப்பானில் 56 மணி. அந்த ஆய்வில் கலந்துகொண்ட நாடுகளில் அதுவே மிக அதிகம். வகுப்பு, விடைத்தாள், மாலையில் விளையாட்டுக் குழு, விடுமுறையில் போட்டிகள், பெற்றோருக்குத் தொலைபேசி. இப்படி ஓடுகிறவர் உதவி ஆசிரியரோடு உட்கார்ந்து பாடம் திட்டமிட நேரம் எங்கே? இரு பாடவேளைக்கு நடுவே உள்ள பத்து நிமிடத்தில், படிக்கட்டில் நடந்துகொண்டே, "இன்று பக்கம் 42, ஏதாவது விளையாட்டு" என்று சொல்லிவிட்டு விரைகிறார். உரிமம் பெற்றவருக்கு மூச்சுவிட நேரமில்லை. நேரம் உள்ளவருக்கு உரிமமில்லை.

சோற்றுக் கூடையும் துடைப்பமும்

நண்பகலில் காட்சி மாறுகிறது. படித்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது இந்தப் பகுதிதான்.

1954இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஜப்பானியப் பள்ளிகளில் மதிய உணவு நடக்கிறது. 'கியூஷோகு' என்பார்கள். முறை வைத்துச் சில பிள்ளைகள் வெள்ளை மேலங்கியும் தொப்பியும் முகமூடியும் அணிந்து, சோறு, சாறு, மீன், பால் எல்லாவற்றையும் தாங்களே தூக்கி வந்து, தங்கள் வகுப்பிலேயே பரிமாறுகிறார்கள். ஆசிரியரும் அதே உணவைத்தான் அதே அறையில் அமர்ந்து உண்கிறார். சத்துணவு உண்டு வளர்ந்த எனக்கு இது ஏக்கத்தைத் தந்தது. எங்கள் பள்ளியில் ஆசிரியர் சோற்றைச் சுவை பார்ப்பார். எங்களோடு அமர்ந்து உண்டதில்லை.

வெளிநாட்டு ஆசிரியர் நாளுக்கொரு வகுப்பில் உண்கிறார். வகுப்பில் வாய் திறக்காத சிறுவன் அங்கே திறக்கிறான். "நீங்கள் நாட்டோ தின்பீர்களா?" என்று கேட்கிறான். நாட்டோ என்பது புளிக்கவைத்த சோயா அவரை. நூல் நூலாக இழுக்கும். வெளிநாட்டாரைச் சோதிப்பதற்கென்றே கேட்கப்படுவது. கேள்வியில் வினைச்சொல் பிழையாக இருக்கலாம். யார் மதிப்பெண் போடப்போகிறார்கள்? மிஞ்சிய பாலுக்கும் இனிப்புக்கும் கைவிரல்களால் கல், தாள், கத்தரிக்கோல் காட்டிப் போட்டியிடுவார்கள். ஆசிரியரும் கை நீட்டலாம். தோற்றால் வகுப்பே கைதட்டும்.

உண்டபின் பல பள்ளிகளில் துப்புரவு. ஒலிபெருக்கியில் பாட்டு ஓட, பதினைந்து நிமிடம் பிள்ளைகள் துடைப்பமும் ஈரத்துணியுமாக இறங்குவார்கள். முட்டியை மடக்கித் துணியைத் தரையில் அழுத்தி நடைக்கூடம் நெடுக வரிசையாக ஓடுவார்கள். வெளிநாட்டார் கையிலும் ஒரு துடைப்பம் இருக்கும். அந்தத் துணிக்கு ஆங்கிலத்தில் என்ன, இந்த வாளிக்கு என்ன என்று தொடங்கும் பேச்சு, அக்காள் கலியாணம், நாய்க்குட்டி, பிடிக்காத பாடம் என்று வளரும். பாடத்திட்டத்தில் எங்கும் எழுதப்படாத இந்த நாற்பது நிமிடமே அவருடைய உண்மையான வகுப்பு என்பது என் துணிபு.

இது என் கற்பனை என்று நினைப்பவர்க்கு 2020ஆம் ஆண்டை நினைவூட்டுகிறேன். பெருந்தொற்று வந்தபோது ஜப்பானியப் பள்ளிகளில் பிள்ளைகள் அனைவரும் ஒரே திசை நோக்கி, பேசாமல் உண்ண வேண்டும் என்று விதித்தார்கள். 2022 இறுதியில்தான் அரசு அதைத் தளர்த்தச் சொன்னது. அந்நாட்களில் பாடவேளைகள் குறையவில்லை. அட்டவணை அப்படியே இருந்தது. ஆனால் பிள்ளைகளின் பெயர்கூட மனத்தில் நிற்கவில்லை, முகமூடிக்குமேல் கண்கள் மட்டுமே தெரிந்தன என்றார்கள் அப்போது பணியாற்றியோர். அட்டவணையில் இல்லாத ஒன்று போனதும் அட்டவணையில் இருந்ததும் வெறுமையாயிற்று.

வேதியியல் மாணவன் ஆகையால் வினையூக்கி என்னும் சொல் நாக்கு நுனிக்கு வருகிறது. சிறிதளவு சேர்த்தால் வினை விரைவாகும், சேர்த்த பொருள் கடைசியில் மாறாமல் வெளிவரும். ஜப்பானியக் கல்வித் துறையும் இந்த ஆசிரியரை அப்படித்தான் நினைக்கிறது போலும். ஆனால் ஒரு பிள்ளையின் அச்சத்தைப் போக்கியவர் மாறாமல் வெளிவருவதில்லை. அவரும் அந்த ஊரில் கரைகிறார்.

2011 மார்ச் 11 அன்று வடகிழக்குக் கரையைப் பேரலை தாக்கியபோது மாண்டவர்களுள் அமெரிக்காவிலிருந்து வந்த இரு உதவி ஆசிரியர்களும் உண்டு. அவர்களுள் ஓர் இளம்பெண், இஷினோமாகி நகரில் தம் பள்ளிப் பிள்ளைகளைப் பெற்றோர் வந்து அழைத்துச் செல்லும் வரை உடனிருந்துவிட்டு, மிதிவண்டியில் வீடு திரும்பும்போது மறைந்தார். அவருடைய பெற்றோர் அந்நகரப் பள்ளிகளுக்கு ஆங்கிலக் கதைப் புத்தகங்களை வழங்கினார்கள். அவற்றை வைக்கும் அலமாரிகளைச் செய்து தந்தவர் அவ்வூர்த் தச்சர். அதே பேரலையில் தம் மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். அந்தப் பிள்ளைகளுக்கு அப்பெண் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்திருந்தார். இவரையும் விருந்தாளி என்ற கணக்கில் எழுத எனக்குக் கை வரவில்லை.

கணக்கும் காலமும்

இனி நம் நண்பர்கள் சொல்லும் பணக் கணக்கு. ஜெட் திட்டத்தில் 2012 முதல் முதலாண்டு ஊதியம் 33 இலட்சத்து 60 ஆயிரம் யென். 2025இல் அது உயர்த்தப்பட்டது. நல்ல ஊதியம்தான். ஆனால் அதை ஜப்பானிய வாடகையிலும் விலைவாசியிலும் வைத்துப் பார்க்க வேண்டும்; நம் ஊர் மளிகைக் கடையில் வைத்துப் பார்க்கக் கூடாது. நிறுவனங்கள் வழியாக வருவோருக்கு ஊதியம் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. பள்ளி விடுமுறை மாதங்களில் பாதி ஊதியமே தரும் ஒப்பந்தங்களும் உண்டு. நகராட்சிகள் நேராக அமர்த்துவோரை 2020 முதல் ஓராண்டுப் பணியாளர் என்னும் வகையில் சேர்த்திருக்கிறார்கள். மார்ச் 31 நெருங்கும்போது, ஏப்ரல் முதல் நாள் தாம் எங்கே இருப்போம் என்று தெரியாத மனிதர்தான், மாணவர்களிடம் "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்று சிரிக்கிறார். ஜப்பானிய ஆசிரியர்களும் சில ஆண்டுக்கு ஒருமுறை இடம் மாற்றப்படுகிறார்கள். ஆனால் எங்கே போனாலும் அவர்கள் ஆசிரியர்கள்.

ஜெட் திட்டத்தில் எவரும் ஐந்தாண்டுக்கு மேல் நீடிக்க முடியாது. பரிமாற்றம்தானே நோக்கம், புதியவர் வரட்டும் என்கிறார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பழமொழி; அவர்கள் தாராள மனத்தோடு அதை ஐந்தாண்டாக நீட்டியிருக்கிறார்கள். ஆனால் பன்னிரண்டு வயதில் நடுநிலைப் பள்ளிக்கு வரும் பிள்ளை உயர்நிலைப் பள்ளியை முடித்து வெளியேற ஆறு ஆண்டு ஆகிறது.

எனக்குத் தோன்றும் மாற்றங்கள் பெரியவை அல்ல. மூன்றாண்டு நன்றாகப் பணிபுரிந்து, ஜப்பானிய மொழியும் ஓரளவு கற்றவருக்கு, ஏட்டில் இருக்கும் அந்தச் சிறப்பு உரிமத்தைப் பெறப் பயிற்சியும் வாய்ப்பும் தர வேண்டும். விரும்பினால் தொடர்ந்து இருக்கவும் விட வேண்டும். ஜப்பானிய ஆசிரியருக்கும் அவருக்கும் சேர்த்து வாரத்தில் ஒரு பாடவேளையாவது வகுப்பின்றி ஒதுக்க வேண்டும். ஒருவரை நாலைந்து பள்ளிகளுக்குப் பங்கு போடுவதைக் குறைக்க வேண்டும். மாதத்துக்கு இருமுறை மட்டும் வருபவரோடு எந்தப் பிள்ளை மனம்விட்டுப் பேசும்? இவற்றுக்குப் பணம் வேண்டும். ஆண்டுதோறும் புதிது புதிதாக ஆள் தேடி, விமானச் சீட்டு எடுத்து, வீடு பார்த்து, பயிற்சி தந்து, பழகியதும் அனுப்பிவைப்பதற்கும் பணம் ஆகத்தான் செய்கிறது.

காலைக் கூட்டத்தில் மூன்றாம் பாடவேளை மாறியதை அவருக்கு யாராவது ஒருவர் எழுதிக் காட்டுவதற்கு மட்டும் காசு வேண்டாம், இன்றே தொடங்கலாம்.